‘கர்த்தர் சொல்லச் சொன்னார்’ என்று ஒருவர் வந்தால்

"கர்த்தர் உங்களுக்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறார், அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பினார்." ஜெபக் கூட்டத்திலோ, வீட்டுக்கு வந்த ஊழியரிடமோ, யூடியூபிலோ இந்த வாக்கியத்தைக் கேட்காத கிறிஸ்தவர்கள் குறைவு. கேட்டதும் மனதுக்குள் இரண்டு பயம் எழும். நம்பாமல் விட்டால் தேவனையே தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்பது ஒன்று. நம்பி ஏமாந்துவிடுவோமோ என்பது இன்னொன்று. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் அதிகம். பல வருடமாகச் சபைக்குப் போகிறவர்கள்கூட இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உள்ளுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். வேதாகமம் இதைப் பற்றி நிறையவே பேசுகிறது. அதன் அடிப்படையை மட்டும் இங்கே எளிமையாகச் சொல்கிறேன்.

சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் என்று பலர் நினைக்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. "நீங்கள் எல்லா ஆவிகளையும் நம்பாமல், அந்த ஆவிகள் தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்" என்று யோவான் எழுதுகிறார் (1 யோவான் 4:1). போதகர்களுக்கு மட்டும் எழுதிய கடிதம் இல்லை இது. சபையில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் எழுதியது. பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார்: "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). கொரிந்து சபையில் தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம் என்று அனுமதித்த அதே வசனத்தில், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்றும் சேர்த்துக்கொள்கிறார் (1 கொரிந்தியர் 14:29). அதாவது, ஒருவர் கர்த்தரின் பேரில் பேசினால் கேட்கிறவர்களுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது.

பெரோயா பட்டணத்தாரை நினைத்துப் பாருங்கள். தெசலோனிக்கேயில் கலகம் எழுந்ததால் பவுலும் சீலாவும் இரவோடு இரவாக அங்கே வந்து சேர்ந்தார்கள். பெரோயாவில் இருந்தவர்கள் பவுல் சொன்னதை மனப்பூர்வமாகக் கேட்டார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய்விடாமல், அவர் சொன்னது அப்படித்தான் இருக்கிறதா என்று தினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). சோதிக்கப்பட்டவர் சாதாரண ஆள் இல்லை, பவுல். அவர் அதற்காகக் கோபப்பட்டதாக ஒரு வார்த்தையும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்காவோ அவர்களை நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறார்.

எருசலேமில் இரண்டு தீர்க்கதரிசிகள்

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள எரேமியா 28ஆம் அதிகாரத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கி.மு. 597ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜா எகொனியாவையும் முக்கியமானவர்களையும் சிறைபிடித்துக்கொண்டு போனார். ஆலயத்தின் பொன் பாத்திரங்களும் போயின. சிதேக்கியாவை ராஜாவாக வைத்துவிட்டுப் போனார்கள். அவருடைய ஆட்சியின் நாலாம் வருடம். எரேமியா கழுத்தில் ஒரு மர நுகத்தை மாட்டிக்கொண்டு, பாபிலோனுக்குக் கீழ்ப்படியுங்கள், எதிர்த்தால் அழிவீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்குத்தான் அது பிடிக்கும்?

அப்போது கிபியோன் ஊர்க்காரரான அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, எரேமியாவுக்கு முன்னால் வந்து நின்றார். "பாபிலோனின் நுகத்தைக் கர்த்தர் முறித்துவிட்டார். இரண்டே வருடத்தில் பாத்திரங்கள் எல்லாம் திரும்ப வரும், எகொனியாவும் சிறைபோனவர்களும் திரும்ப வருவார்கள்" என்பதுதான் அவர் சொன்ன செய்தி. எரேமியா எந்த வார்த்தைகளால் ஆரம்பிப்பாரோ, அதே வார்த்தைகளால்தான் அனனியாவும் ஆரம்பித்தார்: சேனைகளின் கர்த்தர் சொல்லுகிறார். கோவில் அதேதான், தேவனுடைய பெயரும் அதேதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. தைரியம் யாரிடம் அதிகம் தெரிந்தது என்று பார்த்தால் அனனியாவிடம்தான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி எல்லார் முன்பாகவும் உடைத்துப் போட்டார்.

எரேமியா என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் அந்த நல்ல செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்திருக்க வேண்டும். அது அவருடைய ஜனங்கள். ஆனால் உடனே ஒரு விஷயத்தைச் சொன்னார். தங்களுக்கு முன்னிருந்த தீர்க்கதரிசிகள் யுத்தத்தையும் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் குறித்துப் பேசினார்கள். சமாதானம் வரும் என்று சொல்கிறவரோ, அது நடக்கும்போதுதான் கர்த்தர் அனுப்பியவர் என்று அறியப்படுவார். கேட்க இனிமையாக இருக்கிற செய்திக்குத்தான் சோதனை இன்னும் அதிகம் தேவை என்பதுதான் இதன் பொருள். காரணம் எளிது. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று நாமே விரும்புவதால், நம்முடைய எச்சரிக்கை அங்கே தளர்ந்துவிடுகிறது.

நுகம் உடைக்கப்பட்டபோது எரேமியா பதிலுக்குக் கத்தவில்லை. தன் வழியே போய்விட்டார். புதிய வார்த்தை வரும்வரை அவரிடம் சொல்ல எதுவும் இல்லை, அதனால் சொல்லவில்லை. எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிறகு வார்த்தை வந்தது. மர நுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும். கர்த்தர் உன்னை அனுப்பவில்லை, இந்த வருடமே நீ சாவாய் என்று அனனியாவிடம் போய்ச் சொன்னார். அனனியா பேசியது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் அவர் இறந்துபோனார்.

அனனியாவை நம்பியவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பது அடுத்த அதிகாரத்தைப் படித்தால் புரியும். பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அங்கே இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், எழுபது வருடம் ஆகும் என்கிறது அது. இரண்டு வருடத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்று நம்பியவர் வீடு கட்டுவாரா? மகளுக்கு அங்கே மாப்பிள்ளை பார்ப்பாரா? பொய்யான செய்தி வாழ்க்கையை இப்படித்தான் நிறுத்தி வைக்கிறது. வேலை வரும் என்று சொன்னார்கள் என்பதற்காகக் கிடைத்த வேலையை விட்டவர்களும், சுகமாகிவிட்டது என்று சொன்னார்கள் என்பதற்காக மாத்திரையை நிறுத்தியவர்களும் இதே நிலையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சொன்னவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். விளைவோடு வாழ வேண்டியவர் கேட்டவர்.

சொன்னது நடந்துவிட்டால்?

உபாகமம் 18ல் ஒரு நேரடியான அளவுகோல் இருக்கிறது. ஒருவர் கர்த்தரின் பெயரில் சொன்ன காரியம் நடக்கவில்லையென்றால், அது கர்த்தர் சொன்னது இல்லை. நியாயமான சோதனைதான். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, வேதத்தில் உள்ள காலக் கணக்குகளை வைத்து இயேசுவின் வருகையைக் குறித்துப் பிரசங்கித்தார். கடைசியில் அவருடைய இயக்கம் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தது. அறுவடையைக்கூட வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. அந்த நாள் வந்து போனது. ஹெரால்டு கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியார் 1994ல் ஒரு முறை நாள் குறித்தார், அது தவறியது. பிறகு 2011 மே 21 என்றார், அது தவறியதும் அக்டோபர் 21 என்றார். அதற்காகச் சேமிப்பைச் செலவழித்து விளம்பரப் பலகை வைத்தவர்களும் இருந்தார்கள். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் மட்டுமே அறிவார் என்று இயேசுவே சொல்லியிருக்கும்போது (மத்தேயு 24:36), இவர்களைச் சோதிக்க அந்த நாள் வரை காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

சரி, சொன்னது நடக்காவிட்டால் பொய். நடந்துவிட்டால் உண்மையா? இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். அதே உபாகமம் 13ஆம் அதிகாரம், ஒரு தீர்க்கதரிசி அடையாளத்தையோ அற்புதத்தையோ முன்கூட்டியே சொல்லி, அது அப்படியே நடந்தாலும், அவர் உங்களை வேறே தேவர்களிடம் அழைத்தால் கேட்காதீர்கள் என்கிறது. அற்புதம் நடந்தது என்பதை மோசே மறுக்கவில்லை. நடந்திருக்கலாம். அது போதாது என்கிறார்.

பிலிப்பியில் நடந்ததும் இப்படித்தான். குறிசொல்லும் ஆவி பிடித்த ஒரு அடிமைப் பெண், பவுலின் பின்னாலேயே வந்து, இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர்கள் என்று பல நாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பவுல் அதை நற்சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல், சினங்கொண்டு அந்த ஆவியைத் துரத்தினார் (அப்போஸ்தலர் 16). அவளை வைத்து அவளுடைய எஜமான்கள் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள் என்று லூக்கா குறிப்பிடுகிறார்.

நம் காலத்தில் கூட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, தெருப் பெயரையும் நோயையும் சொன்னால், அது தேவனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று ஜனங்கள் அழுதே விடுகிறார்கள். 1986ல் அமெரிக்காவில் பீட்டர் போபாஃப் என்ற சுகமளிக்கும் ஊழியர் இப்படிப் பெயரும் விலாசமும் சொல்லிப் புகழ்பெற்றிருந்தார். ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணரும் அவருடைய குழுவினரும் ரேடியோ கருவியோடு கூட்டத்துக்குப் போனார்கள். போபாஃபின் காதில் சின்ன இயர்போன். வெளியே இருந்து அவருடைய மனைவி, கூட்டத்துக்கு வந்தவர்களே எழுதிக் கொடுத்த ஜெப விண்ணப்ப அட்டைகளைப் பார்த்து விவரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பதிவு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அடுத்த வருடம் போபாஃப் திவால் அறிவித்தார். பிறகு மறுபடியும் தொலைக்காட்சிக்கு வந்தார், பார்க்கவும் ஆட்கள் இருந்தார்கள். இன்று ஒருவரின் ஊர், பிள்ளைகளின் பெயர், வீட்டில் நடந்த துக்கம் எல்லாம் தெரிந்துகொள்ள இயர்போன்கூடத் தேவையில்லை, பேஸ்புக் போதும். இப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு உங்கள் விவரம் தெரிந்திருக்கிறது என்பது மட்டும், தேவன் அவரை அனுப்பினார் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

செய்தி எங்கே கொண்டுபோகிறது

அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது செய்தியைத்தான். அது இயேசு கிறிஸ்துவிடம் கொண்டுபோகிறதா, சொல்கிறவரிடம் கொண்டுபோகிறதா? தேவன் ஏற்கெனவே தெளிவாகச் சொன்னதோடு ஒத்துப்போகிறதா? பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது தன்னையே இந்தச் சோதனைக்குள் வைக்கிறார். நாங்களாவது, வானத்திலிருந்து வரும் ஒரு தூதனாவது வேறு சுவிசேஷத்தைச் சொன்னால் அவன் சபிக்கப்பட்டவன் என்கிறார் (கலாத்தியர் 1:8). பேசுகிறவர் யார் என்பது செய்தியைக் காப்பாற்றாது.

இதற்கு வேதத்தில் இருக்கிற மிகவும் வேதனையான உதாரணம் 1 இராஜாக்கள் 13. யூதாவிலிருந்து ஒரு தேவனுடைய மனிதர் பெத்தேலுக்கு வந்து, யெரொபெயாம் ராஜாவின் பலிபீடத்துக்கு எதிராகத் தைரியமாகப் பேசினார். ராஜா வீட்டுக்கு அழைத்து வெகுமதி தருகிறேன் என்றபோதும் மறுத்துவிட்டார். இங்கே அப்பம் சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே, வந்த வழியே திரும்பாதே என்று கர்த்தர் அவருக்குச் சொல்லியிருந்தார். திரும்பும் வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவரிடம் பெத்தேலைச் சேர்ந்த ஒரு வயதான தீர்க்கதரிசி வந்தார். நானும் உம்மைப்போல ஒரு தீர்க்கதரிசிதான், உம்மை வீட்டுக்கு அழைத்துவந்து சாப்பிட வைக்கச் சொல்லி ஒரு தூதன் என்னிடம் சொன்னான் என்றார். அவர் பொய் சொன்னார் என்று வேதமே அங்கே குறிப்பிடுகிறது. இவர் நம்பிப் போனார், சாப்பிட்டார், திரும்பும் வழியில் சிங்கம் அவரைக் கொன்றது.

ராஜாவின் பணத்தைத் தாண்டியவர் எங்கே விழுந்தார்? தன்னைப் போன்ற ஒருவரின் வார்த்தையில். பெரியவர், அனுபவமுள்ளவர், தூதன் சொன்னான் என்கிறார், பாசத்தோடு சாப்பிடக் கூப்பிடுகிறார். இதையெல்லாம் வைத்துத்தான் நாமும் ஒருவரை நம்புகிறோம். தேவன் அவரிடமே நேராகச் சொன்ன ஒன்றை, இன்னொருவர் சொன்னதற்காக விட்டுக்கொடுத்தார். உங்கள் மனைவிக்கு உண்மையாயிருங்கள், கடனைத் திருப்பிக் கொடுங்கள், பெற்றோரைக் கனம்பண்ணுங்கள் என்பதெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டவை. அதற்கு விரோதமாக ஒரு ‘தனிப்பட்ட வெளிப்பாடு’ வந்தால், கொண்டுவந்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் யோசிக்க ஒன்றுமில்லை.

எத்தனை பேர் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்பதும் கணக்கில் வராது. ஆகாப் ராஜா ராமோத்தின்மேல் யுத்தத்துக்குப் போகலாமா என்று கேட்டபோது ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் போங்கள், ஜெயம் என்றார்கள். மிகாயா ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். அவரைக் கூப்பிடப்போன ஆள்கூட, எல்லாரும் நல்லதாகச் சொல்கிறார்கள், நீரும் அப்படியே சொல்லிவிடும் என்று வழியிலேயே அறிவுரை கொடுத்தார் (1 இராஜாக்கள் 22). மிகாயாவுக்குச் சிறை கிடைத்தது. ஆகாப் வேஷம் மாறி யுத்தத்துக்குப் போயும் அம்பு பட்டு இறந்தார்.

மூன்றாவது நாளும் தங்கினால்

செய்தி சரியாக இருக்கிறது, ஆனால் ஆள் எப்படி? இயேசு இதற்குக் கொடுத்த பதில் எல்லாருக்கும் தெரியும்: "அவர்களுடைய கனிகளினாலே அவர்களை அறிவீர்கள்." தெரிந்த வசனம்தான், நடைமுறையில் எப்படிப் பார்ப்பது என்பதில்தான் சிக்கல். ஆதிச் சபை இதை எப்படிச் செய்தது என்று காட்டும் ஒரு பழைய ஆவணம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

1873ல் பிலோத்தேயோஸ் பிரியேன்னியோஸ் என்ற கிரேக்கச் சபைப் பேராயர் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு நூலகத்தில், 1056ல் எழுதி முடிக்கப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியைக் கண்டார். அதில் திதாகே என்ற சிறிய நூல் இருந்தது. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்ற தலைப்போடு இருந்த அதை 1883ல் வெளியிட்டார். அந்த நூல் முதலாம் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. வேதத்தின் பாகம் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்து எளிய சபைகள் என்ன பாடுபட்டன என்பது அதில் தெரிகிறது.

ஊர் ஊராக நடந்து போகும் போதகர்களும் தீர்க்கதரிசிகளும் நிறைந்திருந்த காலம் அது. ஒருவர் வந்து கதவைத் தட்டி, நான் கர்த்தரின் அப்போஸ்தலன் என்றால், விசாரிக்கப் பெரிய வழி எதுவும் இல்லை. திதாகே சொல்கிற விதிகள் அவ்வளவு நேரடியாக இருப்பது அதனால்தான். வருகிற அப்போஸ்தலரைக் கர்த்தரைப் போல ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் தங்கட்டும், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்று நாள் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. கிளம்பும்போது அடுத்து தங்கப்போகும் இடம் வரை போதுமான அப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி, எனக்குப் பணம் கொடுங்கள் என்று கேட்டால் காது கொடுக்காதீர்கள். ஏழைகளான மற்றவர்களுக்காகக் கேட்டால் அவரை யாரும் நியாயந்தீர்க்க வேண்டாம். சத்தியத்தைப் போதித்து அதன்படி நடக்காதவரும் கள்ளத்தீர்க்கதரிசிதான்.

அவர் ஆவியில் பேசிக்கொண்டிருக்கும்போது அவரைச் சோதிக்காதீர்கள் என்றும் அதே நூல் எச்சரிக்கிறது. ஆனால் ஆவியில் பேசுகிற எல்லாரும் தீர்க்கதரிசிகள் அல்ல, கர்த்தருடைய நடத்தை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் தீர்க்கதரிசி என்கிறது. எவ்வளவு தெளிந்த புத்தி! பேசும்போது உண்டாகிற உணர்ச்சியை அவர்கள் அளக்கவில்லை. அவர் சாப்பாட்டு மேசையில் எப்படி, தங்கும் வீட்டில் எப்படி, புறப்படும்போது கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். அதைப் பார்க்கப் படிப்பறிவு தேவையில்லை. வீட்டுக்கார அம்மாவுக்கே தெரிந்துவிடும்.

ஊரிலேயே குடியேற விரும்புகிறவருக்குத் தொழில் தெரிந்தால் வேலை செய்து சாப்பிடட்டும் என்றும், அதற்கு மனமில்லாதவர் கிறிஸ்துவை வைத்து வியாபாரம் செய்கிறவர் என்றும் திதாகே சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் லூசியன் என்ற கிரேக்க எழுத்தாளர், பெரெக்ரீனஸ் என்பவர் கிறிஸ்தவர்களிடையே தீர்க்கதரிசியாக உயர்ந்து, சிறையில் இருந்தபோது அவர்கள் அன்போடு அனுப்பிய பணத்தில் வசதியாக வாழ்ந்ததாக எழுதினார். லூசியனுக்குக் கிறிஸ்தவர்கள் ஏமாளிகள். அப்படிப்பட்டவர்களிடமிருந்து தங்கள் அன்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சபைகளுக்கு விதிகள் தேவைப்பட்டன.

அதே நேரத்தில் திதாகேயின் 13ஆம் அதிகாரத்தை விட்டுவிட்டால் அநியாயம். உண்மையான தீர்க்கதரிசிக்கு ஆகாரம் கொடுக்க வேண்டியது சபையின் கடமை என்று அங்கே இருக்கிறது. களத்தின் முதல் பலனையும், திராட்ச ஆலையின் முதல் பலனையும் கொடுங்கள். தீர்க்கதரிசி இல்லையென்றால் ஏழைகளுக்குக் கொடுங்கள். ஊழியர் காணிக்கை வாங்குவதே தவறு என்ற முடிவுக்கு யாரும் போய்விட வேண்டாம். பவுல் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது, சபைகளே தேர்ந்தெடுத்த ஒரு சகோதரரைக் கூடவே வைத்துக்கொண்டார். இந்தப் பணத்தைப் பற்றி ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் சொல்கிறார் (2 கொரிந்தியர் 8:19-21). கணக்குக் கேட்டால் முகம் சுளிக்கிற ஊழியரைப் பற்றி இதற்குமேல் நான் என்ன சொல்ல?

கத்தோலிக்க திருச்சபையிலும் இதே கவலை உண்டு. காட்சி கண்டதாகவோ செய்தி கிடைத்ததாகவோ யாராவது சொன்னால், மறைமாவட்ட ஆயர் விசாரிக்க வேண்டும். 2024 மே மாதம் வத்திக்கான் இதற்கான நெறிமுறைகளைப் புதுப்பித்தது. பணம், அதிகாரம், புகழ் ஆகியவற்றை நாடுவது அதில் எதிர்மறையான அறிகுறிகளில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வி கேட்டால் சாபமா?

"நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என் தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்." கேள்வி கேட்கிறவர்களின் வாயை அடைக்க இந்த வசனத்தைப் போல வேறு எதுவும் பயன்படுத்தப்பட்டிருக்காது. 105ஆம் சங்கீதத்தை முழுவதும் படியுங்கள். அங்கே பேசப்படுகிறவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கொஞ்சப் பேராக, பரதேசிகளாக அலைந்துகொண்டிருந்த அவர்களைத் தொடாதீர்கள் என்று தேவன் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். பலமுள்ளவர்களிடமிருந்து பலவீனரைக் காத்த வசனம் அது. சபையில் ஒரு விதவை, நான் கொடுத்த பணம் என்ன ஆனது என்று கேட்பதைத் தடுக்க அதை எடுத்தால், வசனத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்.

நியாயந்தீர்க்காதிருங்கள் என்று இயேசு சொன்னாரே என்பார்கள். அது மத்தேயு 7:1. கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்பது அதே அதிகாரத்தில் 15ஆம் வசனம். இரண்டையும் சொன்னவர் ஒருவரே. அந்தியோகியாவில் பேதுரு தப்பாக நடந்தபோது பவுல் அவரை நேருக்கு நேராக எதிர்த்தார். பேதுரு அபிஷேகம் பெற்றவர் இல்லையா?

ஆனால் வதந்திக்கும் இதில் இடமில்லை. ஒரு மூப்பர்மேல் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 5:19. அடுத்த வசனம், பாவம் செய்தவரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவை நாலு பேருக்கு அனுப்புவது சோதித்தறிவது ஆகாது.

உங்களுக்கே ஒரு வார்த்தை வந்தால்

பயப்படாதீர்கள். தள்ளிவிடவும் வேண்டாம். யார், என்று, என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். மாதங்கள் போனால் சொன்னதும் நாம் நினைப்பதும் கலந்துவிடும். உங்களை நன்றாக அறிந்த, அந்த விஷயத்தில் லாபமோ நஷ்டமோ இல்லாத இரண்டு பேரிடம் காட்டுங்கள். இதை வீட்டில் யாரிடமும் சொல்லாதே, இன்றைக்கே விதைக் காணிக்கை (ஆசீர்வாதமாகத் திரும்பி வரும் என்று சொல்லிக் கேட்கும் பணம்) அனுப்பு, மருந்தை விட்டுவிடு என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இயேசு குஷ்டரோகியைச் சுகமாக்கியபோது, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்று அனுப்பினார் (மாற்கு 1:44). குஷ்டம் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்ல மோசேயின் சட்டம் நியமித்திருந்தவர் ஆசாரியன். சுகம் உண்மையானால் டாக்டர் பரிசோதித்துப் பார்த்தாலும் அது உண்மையாகவே இருக்கும். மாத்திரையைக் குறைப்பதா என்பதை அவரே சொல்லட்டும்.

கல்யாணம், வேலை, வீடு விற்பது போன்ற முடிவுகளை இன்னொருவருடைய தரிசனத்தை மட்டும் வைத்து எடுக்காதீர்கள். தேவனுக்கு உங்களோடும் பேசத் தெரியும்.

கடைசியாக, தவறாகச் சொன்ன எல்லாரும் கள்ளத்தீர்க்கதரிசிகள் இல்லை. தாவீது ஆலயம் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டபோது நாத்தான் தீர்க்கதரிசி, உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று உடனே சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே கர்த்தர், தாவீது கட்டப்போவதில்லை, அவருடைய மகன் கட்டுவான் என்றார். நாத்தான் தான் சொன்னதைக் காப்பாற்றிக்கொள்ள முயலவில்லை. ராஜாவிடமே திரும்பிப் போய், கர்த்தர் சொன்ன எல்லா வார்த்தைகளையும் சொன்னார் (2 சாமுவேல் 7). பிற்பாடு, இன்னொருவருடைய மனைவியான பத்சேபாளைத் தாவீது எடுத்துக்கொண்ட விஷயத்தில், "நீயே அந்த மனுஷன்" என்று அதே ராஜாவின் முகத்துக்கு நேராகச் சொன்னவரும் அவர்தான். நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒத்துக்கொள்ளத் தெரிந்த ஊழியரின் வார்த்தைக்கு நான் அதிகமாகவே காது கொடுப்பேன்.

படிக்க ஆரம்பிக்கிறவர்கள் எரேமியா 27, 28, 29 மூன்றையும் ஒரே மூச்சில் படியுங்கள். அப்புறம் மூன்றாம் யோவான். பதினைந்து வசனத்துக்குள் முடிந்துவிடும் அந்தக் கடிதத்தில், வந்த ஊழியர்களை வரவேற்ற காயுவும், அவர்களைச் சபைக்குள் விடாமல் முதன்மையை விரும்பிய தியோத்திரேப்பும், எல்லாராலும் நற்சாட்சி பெற்ற தேமேத்திரியுவும் இருக்கிறார்கள். வீட்டு ஜெபக் குழுவில் சேர்ந்து படித்து, அந்த மூன்று பேரில் யாரை, எதை வைத்து நம்பலாம் என்று பேசிப் பாருங்கள்.